ஒரு கடிதம், ஒரு தவறு

கத்தோலிக்க ஆயர் (பிஷப்) என்றதும் அங்கியும் மோதிரமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். 1837 கடைசியில் திருட்டுத்தனமாகக் கொரியாவுக்குள் நுழைந்த பிரெஞ்சுக்காரர் லோரான் இம்பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதிகாலை இரண்டரைக்கு எழுவார். ஒரு வீட்டில் இரண்டே நாள். விடியுமுன் அடுத்த வீடு. நண்பகல் வரை வெறும் வயிறு, அதுவும் அந்தக் குளிரில்!

1839-இல் அங்கே கிறிஸ்தவர்களைப் பிடிக்கும் வேட்டை முற்றியபோது தாமே சரணடைந்தார். சரி. ஆனால் தலைமறைவாக இருந்த மௌபான், ஷாஸ்தான் என்ற இரு குருக்களையும் சரணடையச் சொல்லி எழுதினார். விசுவாசிகளாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம். செப்டம்பர் 21 அன்று ஹான் ஆற்றங்கரையில் மூவர் தலையும் விழுந்தது. வேட்டை ஓயவில்லை. 1984-இல் திருச்சபை மூவரையும் புனிதராக்கிவிட்டது. இருந்தும் அந்தக் கடிதத்தை அவர் எழுதியிருக்க வேண்டாம் என்பதே என் கட்சி.