இரண்டாம் தாள்தான் வேலை

"எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சே, இன்னும் டைப்பிங் கிளாஸ் எதுக்கு?" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்கும் பெற்றோர் வேலூர்ப் பக்கம் நிறைய. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எல்லோரும் துரத்தும் ஸ்பீடுக்காக அல்ல.

தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டில் தட்டச்சுத் தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயர் என்று நாம் சொல்லும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் எனப்படும் முதுநிலைக்கு 45 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்பது கணக்கு. ஆக, முதல் தாளான ஸ்பீடு தாளின் பத்து நிமிடத்தில் லோயருக்கு 1500 தட்டு, ஹையருக்கு 2250. நடுவரிசை விசைகளான "யளனக"வில் விரலை வைத்து, கீழே பார்க்காமல் தினமும் ஒரு மணி நேரம் அடித்தால் யாருக்கும் வந்துவிடும். அதற்குத் தனித் திறமை ஒன்றும் வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது இரண்டாம் தாளில். லோயரில் ஒரு கடிதம், ஒரு ஸ்டேட்மெண்ட், அதாவது பத்தி பத்தியாகப் பிரித்து அடிக்கும் அட்டவணை. ஹையரில் இவற்றோடு அடித்தல் திருத்தலோடு தரப்படும் கையெழுத்துப் பிரதியும் உண்டு. "கடைசி ஒரு மாதம் பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போடும் பகுதியும் இதுதான். என் கருத்தில் மொத்தப் பயிற்சியிலும் பிற்காலத்துக்கு உதவுவது இந்தத் தாள்தான். தாளின் அகலத்தைப் பார்த்து மார்ஜின் வைப்பது, எந்தப் பத்திக்கு எவ்வளவு இடம் என்று மனத்தில் போட்டுப் பார்ப்பது, தேதி எங்கே, பொருள் எங்கே, நகல் எங்கே என்று தெரிந்திருப்பது, எல்லாமே இதில் பழகுபவை.

தலைப்பை நடுவில் அடிப்பதையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுத்தை எண்ணி, பாதியாக்கி, நடுவிலிருந்து அத்தனை இடம் பின்னால் வந்தால் போதும். தமிழ் மிஷினில் அந்தக் கணக்கு உதைக்கும். புள்ளிக்கான விசையை அடித்தால் உருளை நகராது. முதலில் புள்ளி, பிறகு எழுத்து, அப்போதுதான் ஓர் இடம் நகரும். "மாவட்டம்" என்று அடிக்க எட்டு விசை வேண்டும். தாளில் அது பிடிப்பதோ ஆறு இடம்தான். இதை மறந்து எட்டாக எண்ணினால் தலைப்பு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஸ்டேட்மெண்டில் ஐந்து பத்தி இருந்து ஐந்துக்கும் இப்படி நடந்தால் திருத்துபவருக்குச் சிவப்புப் பேனா தேவைப்படாது, பார்த்ததுமே தெரிந்துவிடும். அதனால் ஆரம்பத்திலிருந்தே வாரத்துக்கு இரண்டு ஸ்டேட்மெண்ட் போடுங்கள். வாத்தியார் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் மிஷின்களை வேனில் ஏற்றித்தான் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குலுக்கலில் மார்ஜின் நகர்ந்திருக்கும், மணி அடிக்காமல் போகும், ரிப்பன் தளர்ந்திருக்கும். முன்கூட்டியே போய் உங்கள் மிஷினில் இரண்டு வரி அடித்துப் பாருங்கள். பழகிய மிஷினிலேயே எழுதக் கேட்டு வையுங்கள். ரெமிங்டனில் பழகிய விரலுக்குக் கோத்ரெஜ் கனமாகத் தெரியும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், கையில் கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள்.

தமிழா ஆங்கிலமா என்றால், இரண்டிலும் ஹையர் என்பதைக் குறிக்கோளாக வையுங்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்குத்தான் முதல் இடம். ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் வைத்திருப்பவர்கள் அடுத்துதான். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்குப் போட்டி போடும் பெருங்கூட்டத்தில் தட்டச்சுச் சான்றிதழ் இல்லாதவர்களே அதிகம். அதனால் ஒரே தேர்வை எழுதி, ஒரே மதிப்பெண் வாங்கினாலும் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. சம்பளத்தில் தட்டச்சருக்கும் இளநிலை உதவியாளருக்கும் வித்தியாசம் இல்லை, இருவருக்கும் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது.

குரூப் 4 எழுத்துத் தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகம், கணக்குப் பயிற்சி, பழைய வினாத்தாள் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். காசு கட்டிச் சேரும் முன் அங்கே போய் விசாரியுங்கள்.

சி.ஓ.ஏ. என்கிற கணினிச் சான்றிதழையும் கையோடு முடித்துவிடுவது நல்லது. தட்டச்சராகச் சேர்ந்த பிறகு தகுதிகாண் பருவத்துக்குள் முடிக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது, ஆனால் வேலையில் சேர்ந்தபின் படிக்க நேரம் ஏது? அதில் மெயில் மெர்ஜ் வரும்போது தூங்கிவிடாதீர்கள். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான முகவரிக்கு அனுப்பச் சொல்லும் நாள் கட்டாயம் வரும். தமிழ் 99 விசைப்பலகையையும் பழகிக்கொள்ளுங்கள். அதில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் புள்ளி. மிஷினில் பழகிய கைக்கு முதல் சில நாள் எரிச்சல் வரும், அப்புறம் சரியாகிவிடும். அலுவலகத்தின் பழைய கோப்புகள் பலவும் வானவில் எழுத்துருவில் இருக்கும், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கத் தெரிந்த ஆளுக்குப் பிரிவில் தனி மரியாதை.

இனி, வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். புதிதாக வருபவரிடம் பெரும்பாலும் முதலில் தருவது தபால். வந்த கடிதத்தில் தேதி முத்திரை குத்தி, பதிவு செய்து, எந்தப் பிரிவுக்கு உரியதோ அந்த எழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். ந.க.எண். என்று தொடங்கி, ஆண்டு, அ1, ஆ3 என்று முடியும் அந்த எண்தான் கோப்பின் முகவரி. பிரிவு எழுத்தர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை ஒருமுறை போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று எல்லாம் இருக்கும். சில மனுவில் மூன்று துறைக்கான கோரிக்கை ஒரே பத்தியில் கலந்திருக்கும். அதைப் படித்து எது யாருக்கு என்று பிரிப்பதுதான் திறமை. தவறான பிரிவுக்குப் போன தாள் திரும்பி வருவதற்குள் மனுதாரர் இரண்டு முறை நடந்திருப்பார்.

அடுத்தது வரைவு. மேலதிகாரிக்கு எழுதுவது கடிதம், கீழே உள்ளவருக்கு விளக்கம் கேட்டு எழுதுவது குறிப்பாணை, அலுவலர் பிறப்பிக்கும் ஆணை செயல்முறைகள். மூன்றின் அமைப்பும் வேறு, தொனியும் வேறு. முந்தைய கடிதங்களை எண் போட்டு மேலே குறிக்கும் பகுதிக்குப் 'பார்வை' என்று பெயர். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அசுர வேகத்தில் அடிப்பார். அவர் வைத்த வரைவைப் பார்த்துக் கண்காணிப்பாளர் மேடம் கேட்டது: "தம்பி, உள்ளே 'பார்வை 3-ல் காணும் கடிதத்தில்'னு எழுதியிருக்கீங்க. மேலே பார்வை ரெண்டுதானே இருக்கு?" எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத வரைவு அது. ஆனாலும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அடித்த பிறகு பொருள், பார்வை, இணைப்பு, நகல் இந்த நான்கையும் மட்டும் தனியாக ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் இரண்டாம் தாளை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தானாக வரும்.

பழைய கோப்புகள் இருக்கும் பதிவறைக்குப் போகும் முன் நம் மாவட்டக் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1989ல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. மீதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்து, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆகவே பழைய தாளில் "வட ஆற்காடு" என்று முத்திரை இருந்தால், அந்த ஊர் இன்று நான்கு மாவட்டங்களில் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆம்பூர்க்காரர் பழைய ஆவணம் கேட்டு வந்தால் அதை வேலூரில் தேடுவதா, திருப்பத்தூருக்கு எழுதுவதா என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள்.

தனியார் பக்கம் போகிறவர்களுக்கு: ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஏற்றுமதி அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகளில் ஆங்கிலக் கடிதமும் எக்செல்லும் டேலியும் கேட்பார்கள். தமிழ்த் தட்டச்சுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

அரசு வேலை கிடைத்ததோடு படிப்பு முடியாது. இளநிலை உதவியாளர்கள் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே தரும் குறிப்புகளைப் பரணில் போடாதீர்கள், துறைத் தேர்வுக்கு உதவும். துறைத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. கணக்குத் தேர்வில் புத்தகம் பார்த்து எழுதலாம் என்றதும் பலர் படிக்காமலே போகிறார்கள். பெரிய புத்தகத்தில் எந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். அத்தியாயத்துக்கு ஒரு வண்ணச் சீட்டு ஒட்டி, வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு பழைய வினாத்தாளாவது எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், மேசையில் கோப்பு சேரச் சேர அந்த நேரம் கிடைக்காது.