இரண்டாவது பாதி

சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவில் என் நாற்காலி. மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை. சாட்சி பேசுவார், நீதிபதி அதைக் கோர்வையாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2002 திருத்தத்துக்குப் பிறகு, சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே, அதாவது சத்தியம் செய்து எழுத்தில் தருவதாகவே, வந்துவிடுகிறது. அதை வக்கீல் அலுவலகத்தில் தயார் செய்கிறார்கள். சாட்சியின் சொந்த வாய்ப்பேச்சு கேட்பது குறுக்கு விசாரணையில்தான். அங்கேயும் கேள்வியும் பதிலும் தனித்தனியாகப் பதிவாவது அபூர்வம். வக்கீலின் கேள்வியைச் சாட்சியே சொன்னதுபோல் மாற்றி, "என்றால் சரிதான்", "என்றால் சரியல்ல" என்று முடிப்போம். வேகமாக ஓடும், பழகிவிட்டால் கை தானாக அடிக்கும். ஆபத்தே அதில்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வாதி வயதான அம்மா, பிரதிவாதி அவருடைய அண்ணன். "நிலம் இத்தனை வருஷமா உங்க அண்ணன் அனுபவத்துலதானே இருந்துச்சு?" என்று அண்ணனின் வக்கீல் கேட்டார். அனுபவம் என்றால் கையில் வைத்து ஆண்டுவருவது. "இருந்துச்சுங்க. நாங்களும் போய்ட்டு வந்துட்டுதான் இருந்தோம்" என்றார் அந்த அம்மா. நீதிபதி சொல்வதற்கு முன்பே, "நிலம் என் அண்ணன் அனுபவத்தில் இருந்து வந்தது என்றால் சரிதான்" என்று அடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். "இரண்டாவது பாதி எங்கம்மா?" என்றார். கோபமில்லாத குரல்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அந்தப் பாதியை அவரே சொல்ல, சேர்த்து அடித்தேன். மாலையில் கூப்பிட்டு விளக்கினார். கூட்டுச் சொத்தில் ஒருவர் வைத்திருந்தால் எல்லாருக்காகவும் வைத்திருப்பதாகத்தான் சட்டம் கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்திருந்தால்தான் கதை மாறும். அந்த அம்மா போய்வந்தாரா இல்லையா என்பதுதான் வழக்கே. நான் விட்டது அதைத்தான்.

அன்றிலிருந்து நீதிமன்றங்களின் படிவரிசையே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. எங்கள் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அங்கே சங்கதிகளையும் மறுபடி அலசலாம், ஆனால் பெரும்பாலும் எங்கள் தாள்களை வைத்துத்தான். அடுத்து சென்னை உயர் நீதிமன்றம், இல்லையென்றால் 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு எடுபடும். அதற்கும் மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். அங்கே அலுவல் மொழி ஆங்கிலம், அந்த அம்மாவின் பேச்சு மொழிபெயர்ப்பாகத்தான் போய்ச்சேரும். அவர் தயங்கியதையும் அண்ணனைப் பார்த்துக்கொண்டே பேசியதையும் மேலே யாரும் பார்க்கப்போவதில்லை. சாட்சியின் நடத்தையைக் குறித்துவைக்க நீதிபதிக்குச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிக் குறிப்பவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

மேலே போவானேன்? நீதிபதிகளுக்குச் சில ஆண்டுகளில் இடமாற்றம் வந்துவிடும். விட்ட இடத்திலிருந்து புதியவர் விசாரிக்கலாம் என்கிறது சட்டம். அப்படிச் செய்யாவிட்டால் எந்த வழக்கும் முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் சாட்சியைக் கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதுகிறவர் இன்னொருவர்.

இந்த வழக்கிலும் அப்படித்தான் ஆனது. வாதுரை கேட்குமுன் பழைய நீதிபதி மாறிப்போனார். புதிதாக வந்தவர் வழக்குத் தாள்களின் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். அந்த அம்மாவை அவர் கூண்டில் பார்த்ததே இல்லை. தீர்ப்பு சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது பக்கத்தில், "வாதி தன் குறுக்கு விசாரணையில், நாங்களும் போய் வந்துகொண்டிருந்தோம் என்று சாட்சியமளித்துள்ளார்" என்றார். என் கை ஒரு நொடி நின்றது. "என்னம்மா, வேகமா சொல்றேனா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா" என்று அந்த வரியை அடித்தேன்.