நைட் கிளப்பில் கிடைத்த குரல்

இரண்டு நாளாக வீட்டில் ஹியூமன் லீக்தான் ஓடுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து இசைக்குழு. 1980-ல் சின்தசைசர் என்கிற மின்னணு இசைக்கருவி வாசித்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் பிரிந்துபோய் ஹெவன் 17 என்று வேறு குழு தொடங்கிவிட்டார்கள். மிஞ்சியது பாடகர் ஃபிலிப் ஓக்கியும், மேடையில் ஸ்லைடு காட்டும் ஏட்ரியன் ரைட்டும். சுற்றுப்பயணம் வேறு தலைக்குமேல்! ஓக்கி நைட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைச் சேர்த்துக்கொண்டார். துணிச்சலா, கிறுக்கா?

அதுவரை குழுவின் பாட்டு, இருட்டறையில் மெஷின் முனகுவதுபோல் இருக்கும். 1981-ல் வந்த ‘டேர்’ ஆல்பம் வேறு உலகம். லின் டிரம் மெஷினின் தாளம் டக் டக்கென்று விழ, அதன்மேல் அந்தப் பெண்களின் பயிற்சியில்லாத, பக்கத்து வீட்டுக் குரல். எனக்கு அதுதான் பிடித்தது. பழையதுதான் அசல் என்கிற நண்பனோடு சண்டை இன்னும் ஓயவில்லை.