சடுகுடுவா, கபடியா?

பங்களாதேசத்தின் தேசிய விளையாட்டு கபடி. அங்கே கிராமத்தில் அதன் பெயர் ஹாடுடு. மகாராஷ்டிரத்தில் ஹுதுது, ஆந்திரத்தில் செடுகுடு, நமக்குச் சடுகுடு. இத்தனை பெயர் எதற்கு என்றால், பாடிப் போகிறவரின் வாயைப் பார்த்தால் போதும். மூச்சு விடாமல் எதைப் பாடுகிறாரோ அதுவே ஆட்டத்தின் பெயர். 'சடுகுடு' என்று சொல்லிப் பாருங்கள்: உதடு ஒட்டாது, நாக்குதான் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே மூச்சில் வேகமாகச் சொல்ல அது எவ்வளவு வசதி!

சர்வதேச விதி வந்தபோது 'கபடி' என்ற ஒரு சொல்தான் நின்றது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியானதும் அந்தப் பெயரில்தான். இன்று நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே 'கபடி, கபடி' என்று நடுவர் காதில் விழும்படி தொடங்க வேண்டும். புதியவர்கள் கோட்டைத் தாண்டிய பிறகு வாயைத் திறப்பார்கள். நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார், எதிரணிக்கு ஒரு புள்ளி. பாடிப் போக 30 விநாடி மட்டுமே என்று ஆனபின், மூச்சின் இடத்தைக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பாட்டு போகவில்லை. ஊர் மைதானங்களில் பழைய பெயரும் பழைய பாட்டும் சேர்ந்தே ஒலிக்கட்டும்.