எழுந்துடுச்சா?

டாக்பேக்கில், அதாவது நேரலைக் குழு பேசிக்கொள்ளும் காதுக் கருவியில், டைரக்டர் கேட்டது ஒரே கேள்வி. "எழுந்துடுச்சா?" நான் சொன்னதும் ஒரே பதில். "எழுந்துடுச்சு." பேச்சு நடந்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் தூக்கம் வராத ராத்திரிகளில் அது எனக்குள் தமிழில்தான் ஓடுகிறது.

மே மாதக் கடைசி. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஜம்ப் ரேஸ் மைதானம், குதிரைகள் வேலி தாண்டி ஓடும் பந்தயம். அன்று நான் ஓபி வேனில், அதாவது நேரலை ஒளிபரப்பு வண்டியில், ரீப்ளே மேசையில் இருந்தேன். எதிர்ப்பக்க வேலியில் ஒரு குதிரை விழுந்தது. டைரக்டர் முன்னால் ஓடும் குதிரைகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. விழுந்த இடத்திலேயே நின்றுவிட்ட கேமராவின் படம் என் எதிரே இருந்த சின்ன மானிட்டரில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் என்னைக் கேட்டார். என் பதில் அடுத்த நொடியே வர்ணனையாளர் காதுக்குப் போய்விட்டது. குதிரையும் ஜாக்கியும் எழுந்துவிட்டார்கள் என்று அவர் நேரலையில் சொன்னார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த நிம்மதி போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் பொய் சொல்லவில்லை. குதிரை எழுந்து நின்றது உண்மை. ஆனால் வலது முன்காலை அது தரையில் ஊன்றவே இல்லை. குளம்பின் நுனி புல்லில் பட்டும் படாமலும் ஆடிக்கொண்டிருந்தது. தலையைத் தாழ்த்தி அந்தக் காலையே முகர்ந்து பார்ப்பது போல நின்றது. இதை நான் பார்த்தேன். பேசுவதற்கு முன்னால் பார்த்தேனா, பேசிய பிறகு பார்த்தேனா என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கிளிப்பைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். குதிரை எழுந்து நாலு வினாடி கழித்துத்தான் கேமரா காலுக்கு நெருங்குகிறது. அந்த நாலு வினாடிக்குள் நான் பேசினேனா என்பதைக் கிளிப் சொல்லாது. அதில் என் குரல் இல்லை.

நான் மருத்துவன் இல்லை, மானிட்டரைப் பார்த்துக் காலை எடைபோடுவது என் வேலையும் இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டால் அரைமணி நேரம் மனசு அடங்குகிறது. அப்புறம் அன்று மதியம் நான் செய்த இன்னொரு காரியம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் மூன்று வாரமாக மழையே இல்லை. தரை நிலை 'குட் டு ஃபர்ம்', அதாவது இறுக்கத்தை நெருங்கிய தரை, என்று அறிவித்திருந்தார்கள். ஜம்ப் ரேஸுக்கு அதற்கு மேல் இறுகக் கூடாது, அதுதான் ஏறக்குறைய எல்லை. இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சியும் மேல்மண்தான் நனைந்திருந்தது. காலையிலேயே பல ட்ரெய்னர்கள் குதிரைகளை விலக்கிக்கொண்டார்கள், ஒரு பந்தயத்தில் நாலே குதிரைகள்தான் மிஞ்சின. இரண்டாவது பந்தயத்தில் வேலி தாண்டி இறங்கும் குளம்புகளை ஸ்லோமோவில் பிடித்து வைத்திருந்தேன். குளம்பு தரையைத் தொட்டதும் புழுதி ஒரு வளையமாகக் கிளம்பி வெயிலில் பொன்னாக மின்னியது. விளம்பர இடைவேளைக்கு முன்னால் போடலாம் என்று நானாகத்தான் கொடுத்தேன். "அழகு" என்றார் டைரக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் புழுதி எதைச் சொல்கிறது என்று அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஐந்நூறு கிலோ உடம்பு வேலி தாண்டி இறங்கும்போது ஒரு கணம் ஒற்றை முன்காலில்தான் நிற்கிறது. குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசை கிடையாது, எலும்பும் தசைநாணும்தான். இளகிய மண்ணாக இருந்தால் குளம்பு கொஞ்சம் உள்ளே போய் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இறுகிய தரை அதை அப்படியே காலுக்குத் திருப்பி அனுப்பும். அதைவிட மோசம், இறுகிய தரை வேகத்தைக் கூட்டும். ஐன்ட்ரி மைதானத்தில் நடக்கும் புகழ்பெற்ற ஜம்ப் ரேஸான கிராண்ட் நேஷனலின் சாதனை நேரம் 8 நிமிடம் 47.8 வினாடி. 1990-இல் இறுகிய தரையில் மிஸ்டர் ஃபிரிஸ்க் என்ற குதிரை ஓடியது அது. அந்த நேரத்தை வியந்து பேசுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே பந்தயத்தில் இரண்டு குதிரைகள் செத்ததைச் சொல்பவர்கள் குறைவு. இன்றைக்கு அங்கே தரையை இறுகவிடாமல் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், தரை நல்ல நிலையில் இருக்கும்போதே ஓடட்டும் என்று 2024-இல் பந்தய நேரத்தையே மாலை 4 மணிக்கு முன்தள்ளினார்கள். மாற்றம் நடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் 2011 கிராண்ட் நேஷனலைச் சொல்வார்கள். இரண்டு குதிரைகள் செத்துக் கிடந்த இரண்டு வேலிகளையும் இரண்டாம் சுற்றில் மற்ற குதிரைகள் சுற்றிப் போயின. மேலேயிருந்து பார்த்த கேமராவில் மூடிவைத்த உடல்கள் தெரிந்தன. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதிலிருந்து நான் கற்றதாக நினைத்தது, கேமராவை எப்போது விலக்க வேண்டும் என்பதை. விழுந்த குதிரையின் நிலை தெரியும்வரை ரீப்ளே கிடையாது, அடிபட்ட குதிரையை மறைக்கும் பச்சைத் திரை வந்ததும் தூரக் காட்சிக்குப் போய்விடு. இது மரியாதை என்றே நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். சாகிற உயிரை நாலு கோணத்தில் காட்டுவதால் அதற்கு என்ன நன்மை?

ஆனால் புழுதியைக் காட்டிவிட்டுக் காலைக் காட்டாமல் விடுவது மரியாதையா?

அன்று ஜெயித்த குதிரையின் பேட்டி முடிந்து, விளம்பரமும் முடிந்த பிறகு, தொகுப்பாளர் ஒரே வாக்கியத்தில் செய்தியைச் சொன்னார். காப்பாற்ற முடியவில்லை. குதிரையால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது, மூன்று காலில் நின்றால் மற்றக் கால்களின் குளம்பும் கெட்டுவிடும். அதனால்தான் இந்த மாதிரி முறிவுக்குப் பெரும்பாலும் கருணைக்கொலையைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. திரைக்குப் பின்னால் செய்தது சரியான காரியம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாலையில் கேபிள் சுருட்டும்போது டைரக்டர் என்னிடம் வந்தார். "நீ தப்பா எதுவும் சொல்லல. நான் கேட்டதுக்குத்தான் பதில் சொன்ன" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் உறுத்துகிறது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். "எழுந்துடுச்சு, ஆனா கால் ஊனல" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வர்ணனையாளர் வாயைத் திறந்திருக்கமாட்டார். வீட்டில் இருந்தவர்கள் செய்தி வரும்வரை அந்த இருபது நிமிடம் பதறியிருப்பார்கள். குதிரைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மருத்துவரின் வண்டி ஏற்கெனவே அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்படியானால் நான் யாருக்காக வருத்தப்படுகிறேன் என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் வேறொரு மைதானம். அங்கும் காய்ந்த தரைதான். கடைசி வேலிக்கு முந்தையதில் ஒரு குதிரை விழுந்தது. அதே கேள்வி வந்தது. நான் உடனே பேசவில்லை. ஒரு காலை ஊன்றியது, இன்னொன்றை ஊன்றியது, பின்னங்கால்கள் இரண்டும் நிலைத்தன, இரண்டு அடி எடுத்து வைத்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். "எழுந்துடுச்சா இல்லையா?" என்று மறுபடி கேட்டார் டைரக்டர். அதற்குள் முதல் குதிரை வெற்றிக் கோட்டைத் தாண்டிவிட்டது. என் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை.