ஆயில் எப்போது மாற்றுவது? டேப்பட் கவரைக் கழற்றிப் பார்த்த கதை

2023 அக்டோபரில் ஒரு பழைய சிறிய காரை வாங்கினேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மீட்டரில் 78,200 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் நடுவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிவும் இல்லை. அந்த வெற்றுப் பக்கங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தன.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த, வால்வுகளைத் தள்ளும் கேம் தேன் நிறத்தில் மின்னியது. ஆனால் அந்தத் துளை வழியே தெரிவது, ஆயில் ஓயாமல் தெறித்துக் கழுவுகிற இடம். ஆயிலை நாள்கணக்கில் மாற்றாமல் விட்டால் சேரும் கசடு தங்குவதோ மூலைகளில். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினின் மேற்பகுதியை மூடும் டேப்பட் கவரையே கழற்றிவிட்டேன். நடுவில் சுத்தம்தான். பின்பக்க மூலையில், ஆயில் கீழே இறங்கும் துளையின் ஓரத்தில், கண்மை போல விரலில் ஒட்டும் கருப்பு. மரக்குச்சியால் சுரண்டினால் வழித்துக்கொண்டு வந்தது. கரியாக இறுகவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

"ஃப்ளஷ் ஊற்றி ஒரே தடவையில் கழுவிவிடலாம் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். ஃப்ளஷ் என்பது கசடை வேகமாகக் கரைக்கும் திரவம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மொத்தமாகக் கழன்று வரும் கசடு எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் சல்லடையை அடைத்தால் பம்புக்கு ஆயில் ஏறாது, பேரிங் தேய்ந்துபோகும். நல்ல ஆயிலில் கலந்திருக்கும் சலவைப் பொருளே கசடை மெல்லக் கரைக்கட்டும் என்று 5டபிள்யூ-30 பாகுத்தன்மை கொண்ட ஆயிலை ஊற்றி, ஆயிலையும் பில்டரையும் இரண்டு முறை சீக்கிரமே மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

2024 மார்ச், 79,700 கி.மீ. வடித்த ஆயில் கருப்பாக இருந்தது. கருப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அழுக்கைத் தனக்குள் ஏந்திக்கொள்கிற ஆயில் கருக்கத்தான் செய்யும். பழைய பில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்தேன். உள்ளே வெள்ளிப் பொடி! எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு வெட்டிய விளிம்பைக் கவனித்தபோது புரிந்தது, அது பில்டர் கூட்டை அறுத்ததில் உதிர்ந்த தூள். ஹேக்ஸாவால் அறுத்த பில்டரை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. டப்பா திறப்பான் போலச் சுற்றி வெட்டும் பில்டர் கட்டரை அதன் பிறகு வாங்கினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம் கடைந்த வெண்ணெய் போல வெளிர்மஞ்சள் பூச்சு படிந்ததுதான் என் கணக்கையே மாற்றியது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படி வரும் என்பதால் கூலன்ட் அளவை இரண்டு வாரம் தினமும் குறித்துவைத்தேன். குறையவில்லை. காரணம் என் ஓட்டம்தான். வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும்; அதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறேன். எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை போய்த் திரும்பத் தொடங்கினேன். மூன்றாவது பயணத்துக்குப் பிறகு மூடி சுத்தமாக இருந்தது.

கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்கிறது. கடுமையான பயன்பாட்டுக்கு அதையும் குறைக்கச் சொல்கிறது. நான் மாதம் ஓட்டுவது 300 கிலோமீட்டர். கிலோமீட்டரை மட்டும் பார்த்திருந்தால் அடுத்த மாற்றத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகியிருக்கும். குறுகிய ஓட்டம் கடுமையான பயன்பாடே. பலர் அதை மென்மையான பயன்பாடு என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

2024 செப்டம்பர், 81,500 கி.மீ. கவரை மறுபடி கழற்றி, முதல் முறை எடுத்த அதே கோணத்தில் படம் எடுத்தேன். மூலைக் கருப்பு பாதிக்குமேல் குறைந்து, அடியில் அலுமினியத்தின் சாம்பல் நிறம் தெரிந்தது. கட்டரால் திறந்த பில்டரில் கரித்துகள் சில, உலோகம் இல்லை.

இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மாற்றம். மூலை முழுதும் வெளுத்த பிறகு, பொள்ளாச்சிப் பயணம் தவறாமல் நடந்தால், ஓராண்டாக நீட்டிப் பார்ப்பேன். அடுத்த முறை, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தால் கசடுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.