ட்வீனைக் கழுவாமல் மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பாதீர்கள்: ஃபியூமிகேட்டஸ் ஸ்போரிலிருந்து புரதம் எடுத்த அனுபவம்

மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவிக்கூடத்திலிருந்து வந்த முதல் பதிலில் ஒரே ஒரு படம். கிரேடியன்ட்டின், அதாவது மாதிரியைப் படிப்படியாகக் கருவிக்குள் இறக்கும் ஓட்டத்தின், பின்பாதி முழுக்க, 44 டால்டன் இடைவெளியில் படிக்கட்டு போல உச்சங்கள். இரட்டை மின்னேற்றம் உள்ளவை 22 இடைவெளியில். அதற்கடியில் எங்கோ நம் பெப்டைடுகள், அதாவது புரதத் துண்டுகள், புதைந்து கிடந்தன. படத்தின் கீழே ஒரு வரி: "பாலிமர் கலந்திருக்கிறது, சுத்தம் செய்து அனுப்பவும்." ஆறு வார உழைப்புக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். அந்தப் பாலிமர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வாரம் போனது. தட்டிலிருந்து ஸ்போரை எடுக்க முதல் நாள் ஊற்றிய ட்வீன் 20 என்ற சோப்புப் பொருள்தான் அது.

அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் ஸ்போரில், அதாவது கொனிடியாவில், புரதம் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரப் பிரிவில் வைக்கப்பட்ட நான்கில் இதுவும் ஒன்று. 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ளதால் மூச்சோடு நுரையீரலின் காற்றறை வரை போய்விடும். நோயாளியின் உடல் முதலில் சந்திப்பது ஸ்போரின் மேற்பரப்பைத்தான். அதனால் அதில் என்ன புரதம் இருக்கிறது என்ற கேள்வி முக்கியமானது. வேலை மொத்தமும் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்புக் கூடத்தில், கேபினட்டுக்குள் நடக்க வேண்டும்.

வளர்ப்பில் சிக்கல் எதுவும் இல்லை. மால்ட் அகார், 37 டிகிரி, ஐந்து நாள். ஐந்து என்றால் ஒவ்வொரு முறையும் ஐந்து. ஒரு தடவை ஐந்து நாள், அடுத்த தடவை விடுமுறை வந்ததால் எட்டு நாள் என்று எடுத்தால், பிறகு பட்டியலில் தெரியும் வித்தியாசம் பூஞ்சையுடையதா, காலண்டருடையதா என்று சொல்ல முடியாது.

இப்போது ட்வீன். இந்த ஸ்போரின் வெளித்தோல் ரோட்ஏ என்ற ஹைட்ரோஃபோபின் புரதத்தால் ஆனது. தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. வெறும் தண்ணீரை ஊற்றினால் பச்சைப் பொடி மேலே மிதந்து காற்றில் கிளம்பும். கேபினட்டுக்குள் அதைவிட மோசமான காட்சி கிடையாது. அதனால் 0.01 சதவீத ட்வீன் 20 அவசியம். ஆனால் ட்வீன் என்பது நீண்ட பாலிஆக்சிஎத்திலீன் சங்கிலி. பெப்டைடைப் பிடித்துச் சுத்தம் செய்யும் சி18 டிப்பில் பெப்டைடோடு சேர்ந்தே ஒட்டும், அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் சேர்ந்தே இறங்கும். "கடைசியில் சி18-ல் சுத்தம் செய்துகொள்ளலாம்" என்று நினைத்து நாங்கள் இரண்டே முறை கழுவினோம். தவறு நடந்தது அங்கேதான்.

இப்போது செய்வது இது: ட்வீனில் எடுத்த ஸ்போரை 40 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, 3000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, ஐஸ் குளிர்ச்சியில் உள்ள தண்ணீரால் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 40 மி.லி. விட்டுக் கழுவுகிறோம். கடைசிக் கழுவுநீரை ஒரு சிறு குழாயில் எடுத்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் ட்வீன் இன்னும் இருக்கிறது. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு ஸ்போர் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், குழாயின் சுவரில் பச்சை வளையமாகப் படியும். கொஞ்சம் நஷ்டம்தான், அதற்காகக் கழுவலைக் குறைக்காதீர்கள், தட்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மட்டும் கழுவலுக்கு முன்பே, ட்வீன் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கட்டியான பிறகு எண்ணினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆயிரம் மடங்கு நீர்த்து, ஹீமோசைட்டோமீட்டர் என்ற எண்ணும் கண்ணாடியில் ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் 50 ஸ்போர் தெரிந்தால் மூலக் கரைசலில் மி.லி.க்கு 50 கோடி.

வடிகட்டியதை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் மேலே போகவே வேண்டாம். 40 மைக்ரான் துளையில் ஹைஃபா (பூஞ்சை இழை) துண்டும், கொனிடியா தலையின் உடைசலும் தாராளமாக வரும். எடையளவில் ஒரு ஹைஃபா துண்டு எத்தனையோ ஸ்போருக்குச் சமம். பிறகு அதன் புரதத்தை "ஸ்போர் புரதம்" என்று எழுதிவிடுவோம்.

ஒரு குழாய்க்கு 100 கோடி ஸ்போர் எடுத்துக்கொள்கிறோம். பெரிதாகத் தோன்றும். ஒரு ஸ்போரை இரண்டரை மைக்ரான் உருண்டை என்று வைத்தால் கன அளவு சுமார் 8 கன மைக்ரான். 100 கோடி சேர்ந்தும் ஈர எடை 8, 9 மில்லிகிராம்தான். அதிலும் கணிசமான பகுதி சுவர். அதனால்தான் உடைக்கும் கட்டத்தில் அலட்சியம் கூடாது.

ஹைஃபாவுக்குப் பழகியவர்கள் திரவ நைட்ரஜனில் உறையவைத்து உரலில் அரைப்பார்கள். ஸ்போருக்கு அது சரிப்படாது. உலக்கைக்கும் உரலுக்கும் உள்ள இடைவெளியில் இரண்டு மைக்ரான் உருண்டை நழுவிவிடும். அரைத்ததைப் பார்த்தால் முக்கால்வாசி முழுசாகவே மின்னிக்கொண்டிருக்கும். மணிகளோடு வேகமாகக் குலுக்கி உடைக்கும் பீட் பீட்டர்தான் வழி: 0.5 மி.மீ. கண்ணாடி மணி, குழாயில் பாதி அளவு, 30 விநாடி அடி, ஒரு நிமிடம் ஐஸ், இப்படி ஆறு சுற்று. சுற்றுக் கணக்கை நம்ப வேண்டாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முழு ஸ்போர் பளிச்சென்று ஒளிரும். உடைந்தது மங்கலான வெற்றுக் கூடாகத் தெரியும். பத்தில் எட்டு ஸ்போராவது மங்கிய பிறகு நிறுத்துங்கள்.

புரதத்தைக் கரைக்கும் சோப்பான எஸ்டிஎஸ்-ஸை ஆரம்பத்திலேயே போட்டு அடித்தால் குழாய் முழுக்க நுரையாகிவிடும். மணி நுரைக்குள் மிதக்கும், ஸ்போர் உடையாது. புரதம் சிதையாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப் சேர்த்த டிரிஸ் பஃபரில் அடித்துவிட்டு, கடைசியில் எஸ்டிஎஸ் 4 சதவீதம் வரும்படி சேர்த்து 95 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். சாதாரண அழுத்து மூடிக் குழாய் அதிர்வில் கசியும். கசிந்தால் காற்றில் போவது உயிருள்ள ஸ்போர். ஓ-ரிங் உள்ள திருகு மூடிதான் வேண்டும். அடித்து முடித்து ஐந்து நிமிடமாவது விட்டு, கேபினட்டுக்குள் திறக்க வேண்டும்.

அடுத்து ஸ்போரின் நிறமியான மெலனின். சுற்றிய பிறகு மேலே நிற்கும் திரவம் பழுப்பாக இருக்கும். அதை அப்படியே பிசிஏ என்ற புரத அளவுச் சோதனையில் போட்டோம், மி.லி.க்கு 6 மில்லிகிராம் என்று வந்தது. மகிழ்ச்சியாக 20 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு ஜெல்லில் ஏற்றினால் லேன் ஏறக்குறைய காலி. காரணம் இரண்டு. பழுப்பு நிறம் தானே 562 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். அதோடு நாங்கள் கரைசலில் சேர்த்திருந்த டிடிடி என்ற ஒடுக்கி, புரதமே இல்லாவிட்டாலும் காப்பரை ஒடுக்கி ஊதா நிறம் தரும். பிராட்ஃபோர்டு என்ற இன்னொரு அளவுச் சோதனைக்கு மாறலாம் என்றால் எஸ்டிஎஸ் கெடுக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது பழைய முறை: ஒரு பங்கு மாதிரிக்கு நான்கு பங்கு மெத்தனால், ஒரு பங்கு குளோரோஃபார்ம், மூன்று பங்கு தண்ணீர். சுற்றினால் நடுவில் வெள்ளைத் தகடாகப் புரதம் நிற்கும். எங்களுக்கு அது சாம்பல் நிறத் தகடாகத்தான் வந்தது, மெலனின் முழுதாக விலகவில்லை. ஆனால் ட்வீன் மிச்சமும் எஸ்டிஎஸ்-ஸும் போய்விட்டன. பிறகு ஜெல்லில் ஒரே ஒரு சென்டிமீட்டர் ஓடவிட்டு நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டி, புரதத்தைத் துண்டாக்கும் ட்ரிப்சின் நொதியைப் போட்டோம். மீதி மெலனின் ஜெல் கிணற்றின் வாயிலேயே கறுப்புக் கோடாக நின்றுவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அளவுக்கு, பிஎஸ்ஏ என்ற ஒப்பீட்டுப் புரதத்தை 1, 2, 5, 10 மைக்ரோகிராமாகப் பக்கத்து லேன்களில் ஓட்டி ஒப்பிடுங்கள். துல்லியம் குறைவுதான், ஆனால் பொய் சொல்லாது.

மெலனின் இல்லாத பிகேஎஸ்பி மரபணு நீக்கிய வெள்ளை ஸ்போரை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். முறையைச் சரிபார்க்க அது நல்ல ஒப்பீடு. மேற்பரப்பைப் படிக்க மட்டும் அதை நம்பக்கூடாது. நிறமி போனால் சுவரின் மேற்பரப்பே மாறிவிடுகிறது.

ட்ரிப்சின் கட்டம் சுகமாகப் போனது: டிடிடி, இருட்டில் அயோடோஅசிட்டமைடு, ஐம்பது பங்கு புரதத்துக்கு ஒரு பங்கு ட்ரிப்சின், 37 டிகிரி, ஓர் இரவு. முழுக்கை கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஜெல்லை வெட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டியலின் உச்சியில் பூஞ்சைக்குப் பதில் நம் தோலின் கெரட்டின் 1, 2, 9, 10 வந்து உட்காரும்.

இரண்டாவது முறை மாதிரியைக் கொண்டுபோனபோது வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இது நோய்க்கிருமி மாதிரி, செயலிழக்கச் செய்த பதிவு எங்கே?" அப்படி ஒரு தாள் வேண்டும் என்று இணையப் படிவத்தில் எங்குமே இல்லை. உலர் பனியோடு போன பயணம் வீண். கேட்டது நியாயமான கேள்வி, அதை மறுக்கவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் வருத்தம். அந்தத் தாளுக்கான சோதனையை லைசேட் (உடைத்த ஸ்போரின் கரைசல்) செய்யும் அன்றே தொடங்கிவிடுங்கள்: கொதிக்கவைத்த லைசேட்டை அகாரில் பரப்பி 37 டிகிரியில் ஐந்து நாள், ஒரு காலனியும் வரக்கூடாது.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 4 சதவீத எஸ்டிஎஸ் உள்ள திரவத்தை அப்படியே பரப்பினால், ஸ்போர் உயிரோடிருந்தாலும் எஸ்டிஎஸ்-ஸே முளைக்கவிடாமல் தடுக்கலாம். காலியான தட்டைக் காட்டி "செத்துவிட்டது" என்று எழுதுவது அப்போது வெறும் ஏமாற்று. லைசேட்டின் வண்டலைச் சுற்றி எடுத்து, தண்ணீரில் மூன்று முறை கழுவிய பிறகு பரப்புங்கள். பக்கத்துத் தட்டில் அதே கழுவிய வண்டலோடு நூறு உயிருள்ள ஸ்போரைக் கலந்து பரப்புங்கள். இரண்டாவதில் பச்சை வந்து முதலாவதில் வராவிட்டால்தான் சான்று. இரண்டு தட்டின் படத்தையும் தேதியோடு இணைத்துக் கொடுத்தபின் ஒரு கேள்வியும் வரவில்லை.

மேற்பரப்பை மட்டும் பார்க்க, உயிருள்ள ஸ்போர் மேல் ட்ரிப்சினை ஐந்து நிமிடம் விட்டு, வெளியே வெட்டுப்படுவதை எடுக்கும் முறை உண்டு. அதில் ட்ரிப்சின் இல்லாத குழாய் ஒன்றை அதே ஐந்து நிமிடம் வைக்காமல் செய்தால் அந்தத் தரவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பட்டியலில் எனோலேஸ், ஜிஏபிடிஹெச், ஹெச்எஸ்பி90 எல்லாம் வரும். இவை செல்லுக்குள் வேலை செய்பவை. வெளியிலும் இருப்பதாகப் பல பூஞ்சைகளில் சொல்லப்படுகிறது, ஆனால் கழுவும்போது உடைந்த நாலு ஸ்போரிலிருந்தும் வரலாம். ட்ரிப்சின் இல்லாத குழாயிலும் அதே எனோலேஸ் வந்தால் "மேற்பரப்புப் புரதம்" என்று எழுதக் கை கூசவேண்டும்.

எந்தப் பெப்டைடு எந்தப் புரதத்தினுடையது என்று தரவுத்தளத்தில் தேடியதில் பட்டபாடு ஒரு வரியில்: வளர்த்தது சிஇஏ10 வகை என்றால் ஏ1163 தரவுத்தளத்தில் தேடுங்கள், வேறு வகையான ஏஎஃப்293-இல் தேடினால் வகைக்கு வகை மாறும் பெப்டைடுகள் கைநழுவும். மாசுப் புரதப் பட்டியலையும் சேர்த்தே தேடுங்கள். ஒரே தட்டிலிருந்து எடுத்த மூன்று குழாயை மூன்று மாதிரி என்று கணக்குக் காட்டாதீர்கள். மூன்று தனித்தனி வளர்ப்பு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மூன்றாவது ஓட்டத்தில் பட்டியல் அழகாக வந்தது. கேட்டலேஸ் இருந்தது, நிறமி செய்யும் நொதிகள் இருந்தன. ஸ்போரின் தோல் முழுக்கப் பரவிக் கிடக்கும் ரோட்ஏ மட்டும் ஒப்புக்கு ஒரே ஒரு பெப்டைடாக இருந்தது. ஆய்வு தவறவில்லை, அந்தப் புரதத்தின் குணமே அப்படி. ரோட்லெட் என்ற நாரிழையாகப் பின்னிக்கொண்ட பிறகு கொதிக்கும் எஸ்டிஎஸ்-ஸிலும் கரையாது. நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் வேறு. 159 அமினோ அமிலங்களில் ட்ரிப்சின் வெட்டும் இடங்களும் குறைவு. வால்பகுதி ஒரே நீளத் துண்டாக விழும்.

அதை வெளியே கொண்டுவருவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்: உறையவைத்து உலர்த்திய ஸ்போர், 48 சதவீத அமிலம், 4 டிகிரியில் 72 மணி நேரம், பிறகு நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தல். நுண்ணுயிரியல் கூடத்தில் இதைத் தொடவே கூடாது. வேதியியல் துறையின் தனி ஹுட்டில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது மட்டும் செய்தோம். இந்த அமிலம் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலும் போகலாம், அதற்குள் உள்ளே இறங்கிவிடும். கண்ணாடியை அரித்துவிடும், எனவே பாலிபுரோப்பிலீன் குழாய் மட்டும். பீட் அடித்த குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி மணியையும் மறந்துவிடாதீர்கள். நாங்கள் அதற்கென்று உடைக்காத ஸ்போரைத் தனியாக எடுத்து வைத்தோம்.

அந்த மாதிரியை ஜெல்லில் ஓட்டியபோது, மற்ற எல்லாப் பட்டைகளும் மறைந்து, 16 கிலோடால்டன் அருகே ஒன்று தடிமனாக நின்றது. வெட்டி அனுப்பினோம். பத்து நாளில் வந்த கோப்பின் முதல் வரிசையில் ரோட்ஏ. 44 டால்டன் படிக்கட்டு எங்கும் இல்லை.